முதல்முறை ஜிம்முக்குப் போறீங்களா? ஹைதராபாத்தில் உங்களுக்கு ஏற்ற ஜிம்மைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேலைக்காக ஹைதராபாத் வந்து மாதாப்பூரிலோ கொண்டாப்பூரிலோ பி.ஜி.யில் தங்கியிருக்கிறீர்கள். நாள் முழுக்க நாற்காலி, ராத்திரி பிரியாணி, நடுவில் ட்ராஃபிக். 'ஜிம்ல சேரணும்' என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஒருநாள் வாசல் வரை போனால் உள்ளே எல்லாருமே பத்து வருடமாகப் பயிற்சி செய்பவர்கள் போலத் தெரிகிறார்கள். ரிசப்ஷனில், 'இன்னைக்கே வருஷ பேக்கேஜ் எடுத்தா பாதி விலை' என்கிறார்கள். ஒன்று, பயந்து திரும்பி வந்துவிடுகிறோம். இல்லையென்றால், அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு ரெண்டே வாரத்தில் நின்றுவிடுகிறோம்.

புதிதாக வருபவரை மதிக்கும் ஜிம் எது என்பதைப் பணம் கட்டும் முன்பே கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கண்ணாடியின் பளபளப்பையோ மெஷின்களின் எண்ணிக்கையையோ பார்த்தால் போதாது. நீங்கள் போகப்போகும் நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது, உங்களிடம் முதலில் என்ன கேட்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் வெளியே வருவது எவ்வளவு சுலபம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கணும்?

2024 ஜூனில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் இந்தியாவின் வயது வந்தோரில் 49.4% பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. 2000-ல் இது 22.3% ஆக இருந்தது. பெண்களில் 57%, ஆண்களில் 42% என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த இடைவெளியைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. நேரம், பாதுகாப்பு, போகக்கூடிய இடம் எல்லாமே இதில் அடக்கம்.

'போதுமானது' என்றால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். வேக நடைகூட இதில் சேரும். தீவிரமான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம். இதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கான வலுப்பயிற்சி.

150 நிமிடத்தை நடந்தே முடித்துவிடலாம். ஜிம் உதவுவது அந்த 2 நாள் வலுப்பயிற்சிக்கு. எடையை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படி வைப்பது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் அங்கே கிடைப்பார். அப்படி ஆள் கிடைக்காத ஜிம்மில் புதியவருக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

'எல்லாரும் என்னையே பார்ப்பாங்களே...'

இந்தப் பயத்தில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று நம் மனசு பெரிதாக்கிக் காட்டுவது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாரி மனிலோ என்ற பாடகரின் படம் போட்ட, போடக் கூச்சப்படும்படியான டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். சுமார் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேருக்கும் குறைவு. ஜிம்மிலும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் தன் செட்டை எண்ணிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் தன்னையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு பகுதி நிஜம். பெண்களை முறைத்துப் பார்ப்பது, உடல் பருமனானவரைப் பார்த்துச் சிரிப்பது, அனுமதி இல்லாமல் தொட்டு 'ஃபார்ம்' திருத்துவது, கேட்காமலே அறிவுரை சொல்வது எல்லாம் நடக்கிற விஷயங்கள். இவற்றை 'நீங்க கண்டுக்காதீங்க' என்று தட்டிவிடக் கூடாது. முதல் வகைப் பயம் நாலு நாள் போனால் தானே குறையும். இரண்டாவது குறைய வேண்டும் என்றால் ஜிம்மை நடத்துபவர் ஏதாவது செய்ய வேண்டும். ஜிம் தேடும்போது நீங்கள் பார்க்க வேண்டியது, அவர் அதைச் செய்கிறாரா என்பதைத்தான்.

எல்லாருக்குமான ஜிம் என்றால் எப்படி இருக்கும்?

இதே ஊரில் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2022 தொடக்கத்தில், ராஜேந்திரநகரின் வாதி-ஏ-மஹ்மூத் பகுதியில் இருக்கும் மஸ்ஜித்-ஏ-முஸ்தஃபா பள்ளிவாசலில், சுற்றியுள்ள குடிசைப் பகுதிப் பெண்களுக்காக ஒரு ஜிம் திறக்கப்பட்டது. ஹெல்ப்பிங் ஹேண்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சி அது. பெண் பயிற்சியாளர், கூடவே மருத்துவரும் ஆலோசகரும் உண்டு.

அந்தப் பெண்களில் பலர் வணிக ஜிம்முக்கு ஏன் போகவில்லை என்று யோசித்துப் பாருங்கள். தூரம், கட்டணம், ஆண்கள் நடுவில் பயிற்சி செய்வதில் இருக்கும் தயக்கம், வீட்டில் அனுமதி, தனக்கு இருக்கும் உடல் பிரச்சினைக்கு எந்தப் பயிற்சி சரி என்று தெரியாதது. இந்தத் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் கிடைப்பது, நடந்து போகிற தூரத்தில், வீட்டில் யாரும் கேள்வி கேட்காத ஓர் இடத்தில், ஒரு பெண் சொல்லிக்கொடுக்கும் கூடம். விலை உயர்ந்த மெஷினுக்கு இதில் இரண்டாம் இடம்தான்.

அமெரிக்காவின் பிளானட் ஃபிட்னஸ் நிறுவனம் வேறு வழியில் போனது. புதியவர்கள் மிரளக் கூடாது என்பதற்காக, எடையைத் தொப்பென்று போட்டாலோ உறுமினாலோ சைரன் அடிக்கும் ஏற்பாட்டையே வைத்தது. அது ரொம்ப ஓவர் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. 'எல்லாரும் வரலாம்' என்று சுவரில் எழுதுவது எளிது. அதை ஒரு விதியாக்கி நடைமுறைப்படுத்துகிறார்களா என்பதுதான் கேள்வி.

உங்கள் தடை என்ன என்று முதலில் ஒரு பேப்பரில் எழுதுங்கள். ஷிஃப்ட் நேரமா, பணமா, முட்டி வலியா, கூச்சமா, மொழியா? அதை வைத்துத்தான் உங்களுக்கான ஜிம்மைத் தேட முடியும். நண்பருக்கு செட் ஆன ஜிம் உங்களுக்கும் செட் ஆகணும்னு கட்டாயம் இல்லை.

ஹைதராபாத்தில் என்னென்ன வழிகள்?

*பெரிய செயின் ஜிம்கள்:* கல்ட், கோல்ட்ஸ் ஜிம், எனிடைம் ஃபிட்னஸ் போன்றவை. சில திட்டங்களில் ஒரே உறுப்பினர் அட்டையில் பல கிளைகளுக்குப் போகலாம். வீடு ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம் என்று இருப்பவர்களுக்கு இது வசதி. குழு வகுப்புகள் இருந்தால் புதியவருக்கு லாபம், என்ன செய்வது என்று தெரியாமல் நடுவில் நிற்க வேண்டியதில்லை. ஒரே பெயர் என்பதால் எல்லாக் கிளையும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் போகப்போகும் கிளையை நேரில் பாருங்கள்.

*தெரு முனை ஜிம்கள்:* குக்கட்பள்ளி, மியாப்பூர், அமீர்பேட்டை, செகந்திராபாத் பக்கம் மாடிக்கு மாடி இருக்கும். கட்டணம் பொதுவாகக் குறைவு. உரிமையாளரே தளத்தில் நிற்கும் இடங்களில் உங்கள் பெயரும் முட்டி வலியும் அவருக்கு நினைவிருக்கும். ஆனால் சில இடங்கள் உடற்கட்டுப் போட்டிக்குத் தயாராகிறவர்களின் அடாவாகவே இருக்கும். ஒருநாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*பெண்களுக்கு மட்டுமான ஜிம்கள், பெண்களுக்கான நேரம்:* சில ஜிம்கள் பகலில் சில மணி நேரத்தைப் பெண்களுக்கு ஒதுக்குகின்றன. அது காலை 11 முதல் மதியம் 3 வரை என்றால், வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பெயரளவு வசதிதான். நேரத்தைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

*அபார்ட்மென்ட், ஆபீஸ் ஜிம்:* இருந்தால் இங்கிருந்து தொடங்குவது நல்லது. தூரம் இல்லை, தனிக் கட்டணமும் பெரும்பாலும் இல்லை. குறை என்னவென்றால் சொல்லித்தர ஆள் இருப்பது அபூர்வம். ட்ரெய்னர் ஒருவரை நாலைந்து முறை மட்டும் வரவழைத்து அடிப்படையைக் கற்றுக்கொண்டால் போதும்.

*பணம் அதிகம் கேட்காத இடங்கள்:* ஜூப்ளி ஹில்ஸ்–பஞ்சாரா ஹில்ஸ் நடுவே கே.பி.ஆர். தேசியப் பூங்கா, கொண்டாப்பூர் பொட்டானிக்கல் கார்டன், துர்கம் செருவு ஏரிக்கரை, நெக்லஸ் ரோடு எல்லாமே காலை நடைக்குப் பெயர் போனவை. ஜி.எச்.எம்.சி. பூங்காக்கள் பலவற்றில் திறந்தவெளி ஜிம் கருவிகள் உண்டு. வெளிவட்டச் சாலையை ஒட்டி, சோலார் கூரையுடன் 23 கி.மீ. சைக்கிள் பாதை 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. நானக்ராம்குடா, நார்சிங்கி பக்கம் இருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்ட வீட்டு வாசல். முதல் மாதத்தை இங்கே ஓட்டிவிட்டு, பழக்கம் வந்தபின் ஜிம்முக்குப் போனாலும் தப்பில்லை.

ட்ரையல் நாளில் எதைக் கவனிக்கணும்?

சேரும் முன் ஒருநாள் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ பயிற்சி செய்யப் பல ஜிம்கள் அனுமதிக்கும். கேளுங்கள். 'ட்ரையல் கிடையாது, ஆனா ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்' என்று சொன்னால் அதுவே உங்களுக்கான பதில்.

ட்ரையலுக்கு ஞாயிறு மதியம் போகாதீர்கள். செவ்வாய் மாலை 7 மணிக்குத்தான் தினமும் வர முடியும் என்றால், அதே செவ்வாய் மாலை 7 மணிக்குப் போங்கள். மதியம் காலியாக, அன்பாகத் தெரியும் ஜிம், மாலையில் ஒரு டம்பெல்லுக்கு நாலு பேர் காத்திருக்கும் இடமாக மாறலாம்.

உள்ளே போனதும் இவற்றைப் பாருங்கள்:

1. உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்களா? 40 வயதுக்காரர், பருமனானவர், பெண்கள், புதியவர் என்று கலந்திருந்தால் நல்ல அடையாளம். எடை தூக்கும் பகுதியில் பெண்கள் இருக்கிறார்களா, ட்ரெட்மில் பக்கம் மட்டும்தானா என்பதையும் பாருங்கள்.

2. தள ட்ரெய்னர் யாரைக் கவனிக்கிறார்? தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டியவரை மட்டுமா, தடுமாறி நிற்கும் புதியவரையுமா?

3. சின்ன எடைகள் இருக்கின்றனவா? 1, 2, 3 கிலோ டம்பெல்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால், புதியவர்களையும் யோசித்து நடத்தும் ஜிம்.

4. உடை மாற்றும் அறை, கழிப்பறை, லாக்கர் சுத்தமாக, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? ஆளைப் பிடித்துக் கேட்காமலே போக முடிகிறதா?

5. எடையைத் தூக்கி வீசுபவரையோ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன் பார்ப்பவரையோ ஊழியர் யாராவது கேட்கிறார்களா?

6. படம் எடுப்பதற்கு விதி உண்டா? 'என் வீடியோ உங்க இன்ஸ்டாகிராம்ல வருமா?' என்று நேராகக் கேளுங்கள். 'உங்களைக் கேட்காம போட மாட்டோம்' என்ற பதில் உடனே வர வேண்டும்.

7. திரும்பி வரும் வழி எப்படி? இரவு 9 மணிக்கு அந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா, ஆட்டோ கிடைக்குமா? மெட்ரோவில் இறங்கி நடந்தால் எத்தனை நிமிடம்? கூகுள் மேப் காட்டும் 3 கி.மீ., கச்சிபௌலி மாலை ட்ராஃபிக்கில் முக்கால் மணி நேரமாகக்கூட ஆகலாம்.

முதல் நாள் ட்ரெய்னர் உங்களிடம் என்ன கேட்கணும்?

நல்ல ட்ரெய்னர் முதலில் கேள்வி கேட்பார். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, பழைய அடி, அறுவை சிகிச்சை, இப்போது எடுக்கும் மருந்து, கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வார். உலகம் முழுக்கப் பயன்படும் 'பார்-க்யூ' என்ற 7 கேள்விப் படிவம் இதற்காகவே இருக்கிறது. ஏதாவது ஒரு கேள்விக்கு 'ஆமாம்' என்றால், மேலும் விசாரித்து, தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். இதெல்லாம் கேட்காமல் நேராகத் தராசில் ஏற்றி, 'உங்க ஃபேட் பர்சன்டேஜ் ரொம்ப அதிகம், பி.டி. எடுத்தாதான் குறையும்' என்று ஆரம்பித்தால் உஷார். கையால் பிடிக்கும் அந்த மெஷின்கள் உடலில் மின்சாரம் ஓடும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடுபவை. எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த எண் மாறும்.

இந்தியாவில் மருத்துவருக்கு இருப்பது போல ஃபிட்னஸ் ட்ரெய்னருக்குச் சட்டப்படிக் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. அதனால் 'எங்க படிச்சீங்க?' என்று கேட்பதில் தப்பே இல்லை. ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.ஏ.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. போன்ற சர்வதேசச் சான்றிதழ்களும், இந்தியாவில் கே11 போன்ற பயிற்சி நிறுவனங்களின் சான்றிதழ்களும் உண்டு. பெரிய கை வைத்திருப்பது தகுதிச் சான்று ஆகாது. முதலுதவியும் சி.பி.ஆரும் தெரிந்த ஊழியர் எல்லா ஷிஃப்டிலும் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது பவுடர். சேர்ந்த முதல் வாரமே புரோட்டீன் டப்பாவை விற்கப் பார்த்தால், ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருப்பது இதே ஹைதராபாத்தின் தார்நாக்காவில்தான். 1918-ல் நம் குன்னூரில் ஒற்றை அறை ஆய்வகமாகத் தொடங்கி, 1958-ல் இங்கே இடம் மாறிய நிறுவனம் அது. 2024 மே மாதம் அது வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. பருப்பு, சுண்டல், முட்டை, தயிர், மீன் என்று சாப்பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

ஊசி என்றால் பேச்சே வேண்டாம், அன்றே அந்த ஜிம்மை விட்டு வந்துவிடுங்கள். அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் குறைந்தால் கொடுக்கப்படும் மெஃபென்டெர்மின் என்ற மருந்தை, ஜிம் போகிறவர்களுக்குச் சட்டவிரோதமாக விற்றதாகத் தெலங்கானாவில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இதயத்தை நேரடியாகப் பாதிக்கக்கூடிய மருந்து அது.

மொழி பற்றிக் கவலைப்படாதீர்கள். ட்ரெய்னர்கள் தெலுங்கும் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்கள். 'அன்னா', 'அக்கா' இரண்டும் இங்கேயும் அப்படியே செல்லும். நாலு சொல் தெரிந்தால் போதும்: 'நேனு கொத்த' என்றால் நான் புதுசு, 'நொப்பி' என்றால் வலி, 'சாலு' என்றால் போதும், 'பருவு தக்கிஞ்சண்டி' என்றால் எடையைக் குறைங்க. வலிக்கும்போது சொல்லத் தெரியாமல் சிரித்துச் சமாளிப்பதுதான் ஆபத்து.

தொந்தரவு நடந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

*பெண்கள்:* பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, 'பணியிடம்' என்பதில் விளையாட்டு, பயிற்சி மையங்களையும் சேர்த்திருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. எனவே வாடிக்கையாளராகவும் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க வாய்ப்பு உண்டு. 10 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால் உள் புகார் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். பொதுவாக, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்குப் பிரிவு 75, உடை மாற்றும்போது ஒளிந்து பார்ப்பது, படம் எடுப்பதற்குப் பிரிவு 77, பின்தொடர்வதற்குப் பிரிவு 78. ஹைதராபாத்தில் 2014 முதல் போலீஸின் 'ஷீ டீம்ஸ்' இதற்காகவே இயங்குகிறது. அவசரம் என்றால் 100 அல்லது 112.

*மாற்றுத்திறனாளிகள்:* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அணுகல் வசதியைத் தனியார் சேவைகளுக்கும் பொருத்துகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ராதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, அவற்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் கொடுத்தது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான அறிக்கைகளில் முக்கியமானது, ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழக மையம் தயாரித்தது. நடைமுறையில் ஜிம் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது மாடியில் இருக்கும். போவதற்கு முன் போனிலேயே கேளுங்கள்: லிஃப்ட் எந்த நேரமும் ஓடுமா, வாசலில் சாய்தளம் உண்டா, மெஷின்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போகுமா, உதவிக்கு ஒருவரை அழைத்து வந்தால் தனிக் கட்டணமா?

*திருநர்கள்:* திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 3, பொதுமக்களுக்கான சேவைகளை மறுப்பதையும் அதில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. உடை மாற்ற அனைவருக்குமான ஒரு தனி அறை இருக்கிறதா, படிவத்தில் நீங்கள் சொல்லும் பெயரை எழுதுவார்களா என்ற இரண்டு கேள்வியிலேயே அந்த ஜிம்மின் மனநிலை தெரிந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருப்பது தைரியம் தரும். ஆனால் தினமும் சண்டை போட்டுக்கொண்டே யாராலும் பயிற்சி செய்ய முடியாது. அதனால்தான் சேரும் முன்பே கேட்பது முக்கியம்.

வருஷ பேக்கேஜ் லாபமா?

பொருளாதார நிபுணர்கள் ஸ்டெஃபானோ டெல்லா விக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 3 ஜிம்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்து ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள். அதாவது ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல். அதே ஜிம்மில், 10 முறை போவதற்கான பாஸ் ஒரு முறைக்கு 10 டாலர் என்ற கணக்கில் கிடைத்தது! நாம் எத்தனை நாள் போவோம் என்பதை நாமே கூட்டித்தான் கணக்குப் போடுகிறோம்.

நம்ம கணக்குக்கு ஒரு உதாரணம். வருடத்துக்கு 18,000 ரூபாய், மாதக் கட்டணமாக என்றால் 2,500 என்று வையுங்கள். வருஷ பேக்கேஜ் மாதத்துக்கு 1,500 என்பதால் மலிவாகத் தெரியும். ஆனால் 3 மாதம், வாரம் 3 நாள் போய்விட்டு நின்றுவிட்டால் மொத்தம் சுமார் 39 நாள். ஒருநாள் செலவு 460 ரூபாய்க்கு மேல். அதே 3 மாதத்தை மாதா மாதம் கட்டியிருந்தால் 7,500 ரூபாய்தான், ஒருநாளைக்கு சுமார் 190. 7 மாதத்தைத் தாண்டிப் போனால்தான் வருஷ பேக்கேஜில் லாபம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனவே முதலில் ஒரு மாதம், பிடித்தால் 3 மாதம், அதுவும் நிலைத்தால் வருஷம் என்று போவதுதான் பாதுகாப்பு.

பணம் கட்டும்போது கவனிக்க:

- 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18%-லிருந்து 5% ஆகிவிட்டது. 20,000 ரூபாய் கட்டணத்துக்கு 3,600 ரூபாய் வரி இருந்தது, இப்போது 1,000. பில்லில் இன்னும் 18% போட்டிருந்தால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாத சிறு ஜிம், ஜி.எஸ்.டி. என்று தனியாக வசூலிக்கவே முடியாது.
- ஊருக்குப் போகும் நாட்களுக்கு 'ஃப்ரீஸ்' உண்டா, எத்தனை நாள்? பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வர்க் ஃப்ரம் ஹோம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம்.
- ஆபீஸ் பெங்களூருக்கோ சென்னைக்கோ மாற்றினால் உறுப்பினர் உரிமையை இன்னொருவருக்கோ வேறு கிளைக்கோ மாற்ற முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு?
- ஜிம் மூடப்பட்டால் மீதிப் பணம் திரும்பி வருமா?

வாய்மொழியாகச் சொல்லும் எதையும் 'இதை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க' என்று கேட்டு வாங்குங்கள். பில் தராமல் இருப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நியாயமற்ற வணிக முறை. சொன்ன சேவையைத் தராமல், பணத்தையும் திருப்பித் தராமல் இழுத்தடிப்பதும் அப்படித்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: 'எனக்குப் போக முடியல' என்பது ஜிம்மின் குறை ஆகாது. அதற்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறைவாகக் கட்டித் தொடங்குவதுதான் இதற்கு மருந்து.

சேர்ந்தாச்சு. முதல் மாதம் எப்படி இருக்கும்?

வாரம் 2 அல்லது 3 நாள், முக்கால் மணி நேரம் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, தரையிலிருந்து எடுப்பது என்ற அடிப்படை அசைவுகளைச் சின்ன எடையில் கற்றுக்கொள்வதுதான் முதல் மாத வேலை. 24 முதல் 72 மணி நேரத்தில் உடல் வலிப்பது சகஜம், சில நாளில் போய்விடும். ஆனால் நெஞ்சு வலி, மயக்கம், மூட்டில் குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அளவுக்கு மீறிய பயிற்சியால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது. 'நோ பெயின், நோ கெயின்' என்று புதியவரை முதல் நாளே பிழிந்தெடுக்கும் ட்ரெய்னரிடம் 'சாலு' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் முதல் இரண்டு வாரம் ஒரு நண்பரையோ ரூம்மேட்டையோ கூட்டிப் போங்கள். யாராவது தொட்டுத் திருத்த வந்தால், 'தொடாம சொல்லுங்க' என்று சொல்லலாம். நல்ல ட்ரெய்னர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதம் கழித்து உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் போனேன்? புதுசாக எதையாவது சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டேனா? கிளம்பும்போது மனசு கனக்கிறதா, லேசாக இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் நல்ல பதில் இருந்து, மூன்றாவது மட்டும் உறுத்தினால், பிரச்சினை உங்கள் மன உறுதியில் இல்லை, இடத்தில் இருக்கலாம். ஒரு மாதத்துக்கு மட்டுமே பணம் கட்டியிருப்பதால் அடுத்த தெரு ஜிம்மில் ட்ரையல் கேட்பது சுலபம். கே.பி.ஆர். பூங்காவின் காலை நடையும் அதுவரை உங்களுக்காகக் காத்திருக்கும்.